பயம் திரும்பி வந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளா?

நீங்கள் கேட்டதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் லாரி இடித்து பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டீர்கள். எலும்பு கூடிவிட்டது, காயம் ஆறிவிட்டது. ஆனால் ஏர் ஹாரன் சத்தம் கேட்டாலே கை வேர்த்து நெஞ்சு படபடத்தது. சில மாதங்கள் மனநல ஆலோசகரிடம் போனீர்கள், படபடப்பு நின்றது. பிறகு ஒருநாள் மாமனார் ஊருக்குப் போனபோது, முன்பின் பார்த்திராத ஒரு சாலையில் பின்னாலிருந்து ஒரு ஹாரன் ஒலிக்க, எல்லாம் பழையபடி வந்துவிட்டது. "அப்படியானால் அந்தச் சிகிச்சை எனக்கு ஒன்றுமே செய்யவில்லையா? நினைக்கும்போதெல்லாம் மூளை நினைவைத் திருத்தி எழுதுகிறது என்கிறார்களே, ஒரு ரத்த அழுத்த மாத்திரை போட்டு அதை அழித்துவிட முடியாதா?" என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: பயம் திரும்பியதற்கு என் மனபலக் குறைவுதான் காரணமா என்பது. அதற்கு மட்டும் உடனே பதில் சொல்கிறேன். இல்லை. உங்களுக்கு நடந்தது, பயம் பற்றிய ஆய்வுகளில் மிக உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் ஒன்று. ஏன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மருத்துவ உளவியல் படித்து, விபத்திலும் வன்முறையிலும் சிக்கியவர்களோடு நெடுங்காலம் வேலை செய்துவருபவன். ஆய்வுக்கூடத்தில் எலிகளின் மூளையை ஆராய்ந்தவன் அல்ல. ஆகவே மூளைக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வது படிப்பிலிருந்து வருவது. சிகிச்சை பற்றிச் சொல்வது அன்றாட வேலையிலிருந்து வருவது. உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் நிலைக்கு ஒரு நோய்ப்பெயர் சூட்டவும் என்னால் முடியாது.

ஒரு விபத்து மூளையில் ஒரே நினைவாகப் பதிவதில்லை. குறைந்தது இரண்டு நினைவுகள் பதிகின்றன. ஒன்று, உங்களால் வாயால் சொல்ல முடிகிற கதை: எந்தச் சாலை, எத்தனை மணி, யார் தூக்கினார்கள். இதற்கு ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தேவை. இன்னொன்று, ஹாரன் ஒலித்ததும் நீங்கள் எதையும் நினைப்பதற்கு முன்பே உடம்பு தானாகச் செய்யும் எதிர்வினை. இதற்கு இரு பக்க நெற்றிப்பொட்டுக்கும் உட்புறம் ஆழத்தில் உள்ள அமிக்டலா தேவை. இவை இரண்டும் தனித்தனி என்பதை 1995-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. நோயாளிகளுக்கு வண்ணப் படங்களைக் காட்டி, ஒரு குறிப்பிட்ட நிறம் வரும்போது மட்டும் காதைப் பிளக்கும் ஹாரன் ஒலியை எழுப்பினார்கள். அமிக்டலா பழுதான நோயாளிக்கு அந்த நிறத்தைப் பார்த்தபோது உள்ளங்கை வேர்க்கவில்லை. ஆனால் எந்த நிறத்துக்குப் பிறகு சத்தம் வந்தது என்று சரியாகச் சொன்னார். ஹிப்போகாம்பஸ் பழுதானவருக்கு நேர் எதிர்: கை வேர்த்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. "அந்த லாரி இப்போது இங்கே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது, ஆனாலும் உடம்பு கேட்பதில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு இதுவே விடை. தெரிந்துகொள்ளும் பகுதி வேறு, வேர்க்க வைக்கும் பகுதி வேறு. அறிவுரையால் பயம் போகாததும் இதனால்தான். "தைரியமாக இரு" என்று உறவினர்கள் சொல்வது கதை நினைவின் காதில்தான் விழுகிறது.

உடம்பின் இந்த நினைவு எப்படிப் பதிகிறது என்பதை அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ உள்ளிட்டோர் 1980-களிலிருந்து எலிகளில் படிப்படியாகக் கண்டறிந்தார்கள். ஒரு தொனி ஒலிக்கும், உடனே காலில் லேசான மின் அதிர்ச்சி. ஓரிரு முறை போதும். பிறகு தொனி கேட்டாலே எலி உறைந்து நிற்கும். தொனியின் செய்தியும் வலியின் செய்தியும் அமிக்டலாவின் பக்கவாட்டுப் பகுதியில் ஒரே நரம்பணுக்களில் வந்து சேர்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால், தொனியைக் கொண்டுவரும் நரம்பிணைப்பு பலப்படுகிறது. அடுத்த சில மணி நேரத்தில் அந்த அணுக்கள் புதிய புரதங்களை உருவாக்கி அந்தப் பலத்தை நிலையாக்குகின்றன. அதன்பின் தொனி மட்டும் வந்தாலே அமிக்டலாவின் மையப் பகுதி, உடலின் தானியங்கிச் செயல்களை நடத்தும் மூளைத்தண்டுக்கும் ஹைப்போதலாமஸுக்கும் ஆணை அனுப்பிவிடுகிறது: நில், வேர்த்துக்கொள், இதயமே வேகமாக அடி. காதிலிருந்து அமிக்டலாவுக்கு ஒரு குறுக்குவழி இருப்பதும் இந்த ஆய்வுகளில் தெரியவந்தது. ஒலியை நுணுக்கமாகப் பிரித்தறியும் மூளைப் புறணியை (மூளையின் வெளியடுக்கை) அகற்றிய பிறகும் எலிகள் தொனிக்குப் பயப்படக் கற்றுக்கொண்டன. அந்தக் குறுக்குவழியில் போகும் செய்தி கரடுமுரடானது. லாரி ஹாரனா, பஸ் ஹாரனா, தொலைக்காட்சியில் வரும் ஹாரனா என்று அது நின்று பார்ப்பதில்லை.

சம்பவத்தின்போது உடலில் சுரக்கும் அட்ரினலினுக்கும் இதில் பங்கு உண்டு. ஜேம்ஸ் மெக்காவும் அவரது சகாக்களும் கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகள் செய்த ஆய்வுகளின் சாரம் இது: கிளர்ச்சியான நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் அமிக்டலா வழியாக மற்ற நினைவுகளின் பதிவையும் ஆழமாக்குகின்றன. நேற்று மதியம் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோக, விபத்தன்று சாலையோரத்தில் கிடந்த செருப்பு நினைவில் நிற்பது இதனால்தான். ஆனால் ஆழமாகப் பதிந்தது எல்லாம் துல்லியமாகப் பதிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிய உளவியலாளர் உல்ரிக் நைசர், ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டார். பலருடைய விடை முதலில் எழுதியதற்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது, அவர்களோ உறுதியாகத்தான் சொன்னார்கள். கதை நினைவு இப்படிச் சத்தமில்லாமல் உருமாறிக்கொண்டே போகும். உடம்பின் நினைவு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அமிக்டலாதான் "பயத்தின் மையம்" என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. அரிய மரபுநோய் ஒன்றால் இரு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு பெண்ணை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறார்கள். பாம்பைக் கையில் எடுத்தாலும் அவர் பயப்படவில்லை. ஆனால் கார்பன் டை ஆக்சைடு அதிகம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தபோது அவருக்கும் கடும் பீதி வந்தது என்று 2013-இல் வெளியிட்டார்கள். ஆக, பயத்துக்கு வேறு பாதைகளும் உண்டு. லெடூவே பின்னாளில், அமிக்டலா செய்வது ஆபத்தைக் கண்டறிந்து உடலைத் தயார்ப்படுத்துவது மட்டுமே, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற உணர்வு புறணியில் உருவாகிறது என்று வாதிட்டார். எல்லோரும் இதை ஏற்கவில்லை. சிகிச்சை அறையில் பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பிரிவினை பயனுள்ளதாகவே தோன்றுகிறது. படபடப்பு அடங்கிய பிறகும் பயம் தீராதவர்கள் இருக்கிறார்கள், படபடத்துக்கொண்டே அச்சமில்லாமல் வண்டி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருவோம். சிகிச்சையில் உங்களுக்கு என்ன நடந்தது? ஹாரன் ஒலியை மறுபடி மறுபடி கேட்கவைத்து, எதுவும் நேரவில்லை என்பதை உடம்புக்குப் பழக்கியிருப்பார்கள். எலியிலும் இப்படித்தான்: மின் அதிர்ச்சி இல்லாமல் தொனியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் உறைந்து நிற்பது குறைந்து நின்றுவிடும். பழைய நினைவு அழிந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் அழிவதில்லை என்பது ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் காலத்திலேயே தெரியும். சிறிது காலம் சும்மா விட்டாலே அணைந்த எதிர்வினை தானாகத் திரும்புவதை அவர் தம் நாய்களிடம் கண்டார். பிற்காலத்தில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் இதை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தார். ஒரு கூண்டில் பயத்தைக் கற்ற எலிக்கு இன்னொரு கூண்டில் பயத்தை அணைத்துவிட்டு, மூன்றாவதாக ஒரு புதிய கூண்டில் வைத்துத் தொனியை ஒலித்தால், பயம் மறுபடி வரும். அந்த மூன்றாவது கூண்டுதான் உங்கள் மாமனார் ஊர்ச் சாலை.

சிகிச்சை செய்தது, பழைய நினைவின் பக்கத்திலேயே "ஹாரன் என்றால் ஆபத்தில்லை" என்ற இரண்டாவது நினைவை உருவாக்கியது. மூளையின் முன்நெற்றிப் பகுதியில் உட்புறமாக உள்ள நரம்பணுக்கள் இந்த இரண்டாவது நினைவைத் தாங்கி, அமிக்டலாவை அடக்குகின்றன. மிலாத், குயர்க் என்ற இருவர் 2002-இல் பயம் அணைந்த எலிகள் மறுநாள் தொனியைக் கேட்கும்போது இந்த அணுக்கள் துடிப்பதைப் பதிவு செய்தார்கள். இரண்டு நினைவுகளும் சமமானவை அல்ல என்பதுதான் சிக்கல். ஆபத்து நினைவு எந்த இடத்துக்கும் தாராளமாகப் பரவுகிறது. பாதுகாப்பு நினைவோ தான் உருவான இடத்தோடும் சூழலோடும் ஒட்டிக்கொள்கிறது. இந்த இடம் எது என்று ஹிப்போகாம்பஸ் சொன்ன பிறகே அது வேலை செய்கிறது. தூக்கமின்மையும் கடும் மன அழுத்தமும் முன்நெற்றியின் பிடியைத் தளர்த்துகின்றன. இன்னொரு அதிர்ச்சி, அது வேறு வகையானதாக இருந்தாலும், பழைய பயத்தை எழுப்பிவிடக்கூடும். இயற்கை ஏன் இப்படி அமைத்தது என்று கேட்டால், ஊகமாகத்தான் சொல்ல முடியும்: ஒருமுறை வீணாகப் பயந்தால் சிறிது நேரம் போகும், ஒருமுறை பயப்படத் தவறினால் உயிரே போகும். ஆகவே உங்கள் சிகிச்சை நன்றாகவே வேலை செய்தது, ஆனால் ஆலோசகரின் அறையிலும் நீங்கள் பழகிய இரண்டு மூன்று சாலைகளிலும் மட்டும். என் பார்வையில் குறை அங்கேதான். இன்னும் பல இடங்களுக்கு அதைக் கொண்டுபோயிருக்க வேண்டும்.

சரி, அடக்குவதற்குப் பதிலாக அழிக்கவே முடியாதா? இந்தக் கேள்வியைத் தீவிரமாக எழுப்பியது 2000-இல் கரீம் நாதர், லெடூவின் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனை. பயம் நன்றாகப் பதிந்த எலிகளுக்குத் தொனியை ஒருமுறை மட்டும் ஒலித்து நினைவூட்டினார். உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் அனிசோமைசின் என்ற மருந்தை அமிக்டலாவுக்குள் செலுத்தினார். மறுநாள் அந்த எலிகள் தொனிக்குப் பெரிதாக உறையவில்லை. நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளிடம் பயம் அப்படியே இருந்தது. நினைவூட்டி ஆறு மணி நேரம் கழித்து மருந்து கொடுத்தபோதும் பலன் இல்லை. அதாவது நினைவு எழுப்பப்பட்டதும் சில மணி நேரம் நெகிழ்ந்து நிற்கிறது, மறுபடி புரதம் சேர்த்துத்தான் உறுதிப்படுகிறது. 1968-இலேயே, மருந்துக்குப் பதிலாக மூளைக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனையில் இப்படி ஒரு முடிவு வெளிவந்திருந்தது, ஆனால் பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்டது. 2009-இல் டொராண்டோவில் ஷீனா ஜாஸ்லின் குழு, ஒரு பயத்தைத் தாங்கிய அமிக்டலா அணுக்களை மட்டும் கொன்று எலிகளிடம் அந்தப் பயத்தை இல்லாமல் செய்தது. 2013-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சுசுமு தொனெகவா குழு, எதுவும் நடக்காத கூண்டுக்கே எலி பயப்படும்படி ஒரு பொய் நினைவை ஒளிக்கற்றையால் உருவாக்கியது. பயம் என்பது தொட்டறியக்கூடிய அணுக்களில் இருக்கிறது என்பதற்கு இவை வலுவான சான்றுகள். ஆனால் இவை மரபணு மாற்றப்பட்ட எலிகள், மண்டையைத் திறந்து செய்த வேலைகள். அனிசோமைசினும் மனிதருக்கு இதற்காகக் கொடுக்கக்கூடிய மருந்து அல்ல.

மனிதர்களுக்கு வரும்போதுதான் நீங்கள் படித்த மாத்திரை உள்ளே வருகிறது. புரோப்ரனோலால், அட்ரினலின் வகை ஹார்மோன்களின் வேலையைத் தடுப்பது. ரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் நெடுங்காலமாகத் தரப்படுவது. ஆம்ஸ்டர்டாமில் மெரெல் கிண்ட் 2009-இல், தன்னார்வலர்களிடம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய பயத்தை நினைவூட்டும் நேரத்தில் இதைக் கொடுத்தபோது, மறுநாள் திடுக்கிடும் எதிர்வினை மறைந்தது. எந்தப் படத்துக்குப் பிறகு அதிர்ச்சி வரும் என்பது மட்டும் அவர்களுக்கு நினைவிருந்தது. கதை அப்படியே இருக்க உடம்பின் பயம் மட்டும் போனது என்பதால் உலகமே இதைக் கவனித்தது. சிலந்திப் பயம் உள்ளவர்களிடமும் நல்ல பலன் கிடைத்ததாக அவர் பின்னர் வெளியிட்டார். மான்ட்ரியலில் அலன் ப்ரூனே, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, நடந்ததை எழுதி வாசிக்கவைக்கும் முறையை ஆறு வாரங்கள் வாரமொருமுறை செய்து, வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் கிடைத்ததாக 2018-இல் வெளியிட்டார். இவை உண்மையான, நேர்மையான ஆய்வுகள்.

ஆனால் இதே சோதனைகளை மறுபடி செய்தபோது பல இடங்களில் முடிவு அப்படி வரவில்லை, கிண்டின் சொந்த ஆய்வுக்கூடம் உட்பட. மருந்தே இல்லாமல், நினைவூட்டிச் சில நிமிடங்கள் கழித்து அணைக்கும் பயிற்சி தந்தாலே பயம் திரும்பாது என்று 2010-இல் வந்த இன்னொரு புகழ்பெற்ற முடிவும் 2020-இல் கவனமாகத் திரும்பச் செய்தபோது நிற்கவில்லை. காரணம் ஓரளவு புரிகிறது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நினைவு நெகிழ்வதில்லை. எதிர்பார்ப்புக்கு மாறாக ஏதாவது நடக்க வேண்டும்; நினைவூட்டல் மிகக் குறுகினால் நினைவு அசையாது, நீண்டுவிட்டால் அணைக்கும் பாடம் தொடங்கிவிடும். பழைய, வலுவான நினைவுகள் இன்னும் கடினம். உங்கள் விபத்து நினைவு எந்த நிமிடத்தில் நெகிழ்ந்து நிற்கிறது என்று அளந்து சொல்ல ஒரு கருவியும் இல்லை. ஆகவே "நினைக்கும்போதெல்லாம் திருத்தி எழுதப்படுகிறது" என்பது மிகைப்படுத்தல். "ஒரே மாத்திரையில் பயத்தை அழிக்கிறோம்" என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். கடையில் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனோலால் மூச்சுத் திணறலை உண்டாக்கலாம், நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கு ஆபத்து, இன்சுலின் போடுபவர்களுக்கு சர்க்கரை இறங்குவதன் அறிகுறியையே மறைத்துவிடும். அதைவிட எனக்குக் கவலை தருவது, பயத்துக்காக ஆண்டுக்கணக்கில் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள். அந்த நேரப் பதற்றம் குறையும், ஆனால் ஹாரனைக் கேட்டும் எதுவும் நேரவில்லை என்ற பாடத்தை மூளை சரியாகக் கற்க அது இடையூறாகலாம். நீங்களும் அப்படிப் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரோடு பேசிக் குறையுங்கள்.

மாத்திரையை விடப் பழைய வழியிலேயே எனக்கு நம்பிக்கை அதிகம், அதை இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் செய்ய வேண்டும். பயப்படுவதை மறுபடி மறுபடி எதிர்கொள்ளவைக்கும், உளவியலாளர் எட்னா ஃபோவா வளர்த்தெடுத்த நீடித்த எதிர்கொள்ளல் முறைக்கு நெடுநாள் சான்றுகள் உண்டு. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சு சிகிச்சையையும், கண்ணசைவோடு செய்யும் இஎம்டிஆர் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. உளவியலாளர் மிஷெல் கிராஸ்க் எதிர்கொள்ளல் முறையில் சேர்த்த யோசனை உங்களுக்கு மிகவும் பொருந்தும்: பயம் அந்த நேரத்தில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்காதீர்கள், நீங்கள் பயந்தது நடந்ததா என்று பாருங்கள். "ஹாரன் கேட்டதும் கை நடுங்கி வண்டியை விட்டுவிடுவேன்" என்பது உங்கள் எதிர்பார்ப்பு என்றால், அதை முன்கூட்டியே எழுதிவைத்துச் சோதியுங்கள். முதலில் நெடுஞ்சாலையோர டீக்கடையில் நின்று, பிறகு பஸ்ஸில் ஜன்னலோரம் அமர்ந்து, பிறகு பின்னிருக்கையில், கடைசியாக நீங்களே ஓட்டி. காலை, மாலை, இரவு, மழைநாள், தனியாக, துணையோடு, பழகிய சாலை, பழகாத சாலை என்று சூழலை வேண்டுமென்றே மாற்றுங்கள். ஒரே இடத்தில் நன்றாகத் தேறும்வரை நிற்பதைவிட, பல இடங்களில் கொஞ்சம் தடுமாறுவது நீண்டகாலப் பலன் தரும் என்பதை நான் நேரிலும் பார்த்திருக்கிறேன். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் வண்டி ஓட்ட வேண்டாம், ஓரமாக நிறுத்துங்கள். நிறுத்தியதும் வீட்டுக்குத் திரும்பிவிடாமல், அடங்கும்வரை அங்கேயே இருங்கள். ஹாரன் கேட்டதும் தப்பி ஓடினால் கிடைக்கும் நிம்மதி, தப்பியதால்தான் பிழைத்தோம் என்று மூளைக்குச் சொல்லிவிடும். ஹெல்மெட்டை விடாதீர்கள். ஹாரன் கேட்காமலிருக்கக் காதில் ஹெட்போன் மாட்டுவது, தம்பி இல்லாமல் சாலையைக் கடக்காமலிருப்பது போன்றவற்றை ஒவ்வொன்றாக விடுங்கள். நம் சாலைகள் உண்மையிலேயே ஆபத்தானவை என்பதால், லாரி நெருங்கும்போது கொஞ்சம் எச்சரிக்கை மிச்சமிருப்பதுதான் சரி.

இரவில் தனியாகப் படுத்து அந்த நொடியையே சுற்றிச் சுற்றி நினைப்பது பயிற்சி ஆகாது. பெரும்பாலும் அந்தக் கதை மோதலில் தொடங்கி மோதலிலேயே நின்றுவிடுகிறது, உங்களைத் தூக்கி உட்காரவைத்ததும் நீங்கள் பிழைத்ததும் அதில் வருவதில்லை. சிகிச்சையில் கதையைச் சொல்லவைக்கும்போது முழுவதுமாக, பாதுகாப்பாக முடிந்த இடம்வரை சொல்லவைப்பது இதற்காகத்தான்.

கெட்ட கனவுகள், திடுக்கிடல், தூக்கமின்மை, வேலைக்குப் போக முடியாமை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் தனியாகச் சமாளிக்க முயலாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். உங்களுக்கு ஏற்கெனவே ஓர் ஆலோசகர் இருப்பதால் முதலில் அவரிடமே திரும்பிப் போங்கள். சென்ற முறை எந்தெந்தச் சாலைகளில், எந்தெந்த நேரங்களில் பயிற்சி செய்தீர்கள் என்று இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத சாலைகளிலிருந்தும் நேரங்களிலிருந்தும் இந்த முறை தொடங்குங்கள்.